லெப்டொப்பில் அகப்பட்ட நினைவகப் பிழை: முதலில் யாரிடம் சொல்வது?

அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் கணினித்துறை இறுதியாண்டு மாணவி. சி மொழியில் எழுதப்பட்ட திறந்த மூலக் குறியாக்க லைப்ரரி (தகவலைப் பூட்டி அனுப்ப மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பாவிக்கும் ஆயத்த நிரல்) ஒன்றைச் செயற்றிட்டத்துக்காக எடுத்து, அது டிஜிட்டல் சான்றிதழ்களை (எதிர்ப்பக்கத்தில் இருப்பது யார் என்று காட்டும் கோப்புகளை) வாசிக்கும் பகுதிக்குத் தாறுமாறான உள்ளீடுகளைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஃபஸ்ஸிங் என்று சொல்லும் முறை. சொந்த லெப்டொப்பில் இரவு பகலாக ஓடவிட்டதில், நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிடைசர் "ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ, ரைட் ஒஃப் சைஸ் 4" என்று நிறுத்தியிருக்கிறது. ஹீப் என்னும் நினைவகப் பகுதியில், ஒதுக்கிய இடத்தின் எல்லையைத் தாண்டி 4 பைட் எழுதப்பட்டது என்று பொருள். சானிடைசர் இல்லாமல் அதே உள்ளீட்டைக் கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை.

அவர் பயிலுனராக வேலை செய்யும் மட்டக்களப்புக் கம்பனி, நகை அடகுக்கும் சிறுகடனுக்குமான மென்பொருள் செய்து கொடுக்கிறது. அந்த மென்பொருள் ஓடும் சேர்வர்களிலும் இதே லைப்ரரி இருக்கிறது. விஷயத்தைக் கேட்ட அங்குள்ள சேர், "நம்மட வாடிக்கையாளரான சங்கத்தின் சேர்வரில இரவில ஒருக்கா அடிச்சுப் பாருங்க. விழுந்தா பாதுகாப்புப் பெக்கேஜ் ஒன்று விக்கலாம்" என்றாராம். கொழும்பிலுள்ள தோழி, இப்படியான பிழைகளை டொலரில் வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள் என்கிறார். இன்னொருவர், வேறு யாரும் முந்துவதற்குள் பேஸ்புக்கிலும் கிட்ஹப்பிலும் போட்டுப் பெயரை எடுக்கச் சொல்கிறார். வாப்பாவோ, "பொலிஸ் கோடு என்று அலையேலாது மகள், அதை அழிச்சிட்டு வேற தலைப்பு எடுங்க" என்கிறார். லைப்ரரியின் பொது மின்னஞ்சலுக்கு எழுதி இரண்டு கிழமையாகியும் பதில் இல்லை. ஆய்வறிக்கை ஒப்படைக்க இரண்டு மாதம் இருக்கிறது. தான் செய்தது குற்றமா, இனி என்ன செய்வது என்று கேட்கிறார்.

ஊர், கம்பனி, பல்கலைக்கழக விவரங்களை நீக்கியிருக்கிறோம். பிழை இன்னும் திருத்தப்படாததால் லைப்ரரியின் பெயரையும் நீக்கியிருக்கிறோம்.

சகோதரி, வாப்பாவின் பயத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது நியாயமான பயம். ஆனால் அது தவறான இடத்தில் நிற்கிறது. எல்லோரும் வாசிக்கவும் மாற்றவும் உரிமம் கொடுக்கப்பட்ட மூலநிரலை எடுத்து, உங்கள் சொந்தக் கணினியில் ஓடவிட்டு, அதில் பிழை கண்டுபிடிப்பது இலங்கைச் சட்டத்தில் குற்றமாகாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அதிகாரமின்றி ஒரு கணினிக்குள் அல்லது அதிலுள்ள தகவலுக்குள் அணுகல் பெறுவதைத்தான் குற்றமாக்குகிறது. உங்கள் லெப்டொப்புக்கு அதிகாரம் கொடுக்க வேண்டியவர் நீங்களேதான். ஆகவே எதையும் அழிக்க வேண்டாம். அழித்தால் லைப்ரரியில் பிழை அப்படியே இருக்கும். நீங்கள் ஒழுங்காக நடந்துகொண்டீர்கள் என்று காட்டும் பதிவுகள்தான் இல்லாமல் போகும்.

ஆபத்து தொடங்கும் இடம் அதே உள்ளீட்டை இன்னொருவரின் கணினிக்கு அனுப்பும் கணம். 3ஆம் பிரிவுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, ஐந்து ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நல்ல நோக்கத்தோடு சோதித்தேன் என்பவருக்கு அந்தச் சட்டத்தில் தனி விலக்கு எழுதப்படவில்லை. "திருடவில்லை, உதவத்தானே செய்தேன்" என்ற பதில் தண்டனையைக் குறைக்க உதவலாம். குற்றம் நடக்கவேயில்லை என்று காட்ட அது போதாது.

சேர் சொன்ன இரவுச் சோதனை

இதைச் செய்யாதீர்கள். சேர் உங்களுக்கு மேலதிகாரியாக இருக்கலாம், ஆனால் அந்தச் சேர்வர் சங்கத்துடையது. மென்பொருளை விற்ற கம்பனிக்கு அதைப் பராமரிக்கும் உரிமை இருக்கலாம், தாக்கிப் பார்க்கும் உரிமை அதனுள் தானாக வராது. அதிகாரம் வருவதானால் சங்கத்தின் நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் வர வேண்டும்: எந்தச் சேர்வர், எந்தத் திகதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, யார், என்ன வகைச் சோதனை, ஏதாவது பிழைத்தால் யாருக்கு அழைப்பது, காப்புப் பிரதி எடுத்தாயிற்றா. இவை இல்லாத வாய்ப்பேச்சு, நாளைக்கு விசாரணை என்று வந்தால், விசைப்பலகையில் கை வைத்த பயிலுனரின் தலையில்தான் இறங்கும்.

சேருக்குச் சொல்ல ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது, அவர் அதைக் கேட்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் கண்ட பிழை சான்றிதழை வாசிக்கும் பகுதியில் இருக்கிறது. சாதாரண எச்டிடிபிஎஸ் இணைப்பில் சான்றிதழைக் காட்டுவது சேர்வர், அதை வாசிப்பது வாடிக்கையாளரின் பிரவுசர் அல்லது செயலி. வாடிக்கையாளரிடமும் சான்றிதழ் கேட்கும்படி சேர்வரை அமைத்திருந்தால் மட்டுமே அந்தப் பகுதிக்கு வெளியார் ஒருவர் உள்ளீடு அனுப்ப முடியும். சங்கத்தின் சேர்வரில் அப்படி ஒரு அமைப்பு இருப்பது அரிது. ஆக, இரவில் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் விழாது. "நம்மட சேர்வர் பாதுகாப்பானது" என்ற பொய்யான நம்பிக்கைதான் மிஞ்சும். உண்மையில் அந்தச் சேர்வருக்கு ஆபத்து வரக்கூடிய பக்கம் வேறு: அது தானே வாடிக்கையாளராகப் போய் எஸ்எம்எஸ் சேவைக்கும் கொடுப்பனவுச் சேவைக்கும் மின்னஞ்சல் சேர்வருக்கும் இணையும் இடங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் சான்றிதழை அங்கேதான் அது வாசிக்கிறது.

ஒருவேளை உள்ளீடு போய்ச் சேர்ந்தால் இன்னும் மோசம். நினைவகம் கெட்ட புரோகிராம் உடனே விழ வேண்டும் என்றில்லை. பக்கத்திலிருந்த மதிப்பொன்று மாறிய நிலையில் தொடர்ந்து ஓடலாம். ஏழை மக்களின் நகைக் கணக்கு ஓடும் ஒரு சேர்வரில் அப்படி விளையாட யாருக்கும் உரிமை இல்லை. சோதிக்கத்தான் வேண்டுமென்றால், கம்பனியின் கணினியில் ஒரு மெய்நிகர் இயந்திரம் அமைத்து, அதே இயங்குதளம், அதே பெக்கேஜ் எண்ணோடு, பொய்த் தரவு போட்டு, இணையத்திலிருந்து துண்டித்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சேர் வற்புறுத்தினால், "சங்கத்தின் எழுத்துமூல அனுமதி வந்தால் செய்கிறேன், சேர்" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வையுங்கள். அதற்குப் பிறகும் நெருக்கினால் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். செலவு கஷ்டமென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

உங்கள் கையில் இருப்பது எவ்வளவு பெரியது?

கடிதத்தில் இரண்டு எதிரெதிரான முடிவுகளை ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஓரிடத்தில் "இதை வைத்து எந்தச் சேர்வரையும் கைப்பற்றலாம்" என்கிறீர்கள். இன்னோரிடத்தில் "சானிடைசர் இல்லாமல் விழவில்லை, அப்படியென்றால் பொய்ப் பிழையா?" என்கிறீர்கள். இரண்டுமே அவசர முடிவு.

விழாததற்குக் காரணம் எளிது. நம் பக்கத்து வயலில் அளந்து விட்ட தண்ணீர் வரம்பைத் தாண்டினாலும் அடுத்தது தரிசு நிலமென்றால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், அதுபோல. 64 பிட் லினக்ஸில் 20 பைட் கேட்டால், லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியில் நினைவகம் ஒதுக்கும் மாலொக், பாவிக்கக்கூடிய 24 பைட்டைக் கொடுக்கும். 20க்குப் பின் எழுதப்படும் 4 பைட் அந்த மிச்ச இடத்தில் விழுந்து அடங்கிவிடும். ஆனால் வேறொரு உள்ளீட்டில் லைப்ரரி சரியாக 24 பைட் கேட்டிருந்தால், அதே 4 பைட் அடுத்த துண்டின் அளவைக் குறித்து வைத்திருக்கும் இடத்தில் போய் எழுதும். பின்னர் அந்தத் துண்டு விடுவிக்கப்படும்போதுதான் குழப்பம் வெளியே தெரியும். ஆகவே உள்ளீட்டிலுள்ள நீளங்களை மாற்றி, ஒதுக்கப்படும் பஃபர் 24, 40, 56 பைட் என்று வரும்படி செய்து, சானிடைசர் இல்லாமலும், வல்கிரைண்ட் என்ற இன்னொரு நினைவகச் சோதனைக் கருவியிலும் ஓட்டிப் பாருங்கள். 32 பிட் பில்டிலும் தனியாகப் பாருங்கள், அங்கே அளவுகள் வேறு. இதன் முடிவு உங்கள் அறிக்கையின் மதிப்பை ஏற்றிவிடும்.

அதற்கு முன்னால், உண்மையிலேயே பிழை லைப்ரரியில்தானா என்று பார்க்க வேண்டும். முதன்முறை ஃபஸ்ஸிங் செய்பவர்களின் கண்டுபிடிப்புகள் பல இங்கேதான் உடைகின்றன. உங்கள் ஹார்னஸ், அதாவது ஃபஸ்ஸரின் உள்ளீட்டை லைப்ரரிக்குக் கொடுக்கும் சிறு நிரல், லைப்ரரியின் உள் ஃபங்ஷனை நேரடியாக அழைக்கிறதா? வெளியாருக்குத் திறந்திருக்கும் ஃபங்ஷன் அந்த அழைப்புக்கு முன் நீளத்தைச் சரிபார்க்கக்கூடும். அப்படியானால் உங்கள் உள்ளீடு நிஜ வாழ்வில் அங்கே போய்ச் சேராது. வெளியீட்டுக்கு நீங்கள் கொடுத்த பஃபர் ஆவணத்தில் கேட்ட அளவுக்கு இருக்கிறதா? இல்லையென்றால் பிழை உங்களுடையது. ஹார்னஸை ஒதுக்கிவிட்டு, ஆவணத்தில் சொன்னபடி சான்றிதழை வாசிக்கும் இருபது முப்பது வரிச் சிறு புரோகிராம் ஒன்றை எழுதுங்கள். அதிலும் சானிடைசர் அலறினால் உறுதி.

எழுதுவது நான்கு பைட் என்பதால் சிறியது என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். நான்கு பைட் என்பதால் உலகமே கவிழும் என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். பரவலாகப் பாவிக்கப்படும் குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் 3.0.0 முதல் 3.0.6 வரையான வெளியீடுகளில் இருந்த சிவிஇ-2022-3602 (சிவிஇ என்பது பாதுகாப்புப் பிழைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்) உங்கள் பிழைக்கு நெருங்கிய உறவு. சான்றிதழிலுள்ள மின்னஞ்சல் முகவரியின் பியூனிகோட் (பிறமொழி எழுத்துகளை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) வடிவத்தை விரிக்கும் இடத்தில், எல்லையைச் சரிபார்க்கும் வரி "அதிகமா" என்று மட்டும் கேட்டது. "அதிகமா அல்லது சமமா" என்று கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு குறி விடுபட்டதால், ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகமான ஸ்டக்கில் ஒரு முழு எண், அதாவது 4 பைட், எல்லை தாண்டி எழுதப்பட்டது. 2022 ஒக்டோபர் 25 அன்று மிக ஆபத்தானது என்ற தரத்தில் முன்னறிவித்தார்கள். நவம்பர் 1 அன்று 3.0.7 வெளிவந்தபோது ஒரு படி இறக்கினார்கள். சான்றிதழின் கையொப்பச் சங்கிலியைச் சரிபார்த்த பிறகே அந்த வரி ஓடுகிறது என்பது ஒரு காரணம்: தாக்குபவருக்கு நம்பிக்கைக்குரிய சான்றளிப்பு நிறுவனம் ஒன்றின் கையொப்பம் வேண்டும், அல்லது சரிபார்ப்புத் தோற்றபின்னும் தொடர்ந்து போகும் செயலி வேண்டும். பல தளங்களில் ஸ்டக் பாதுகாப்பு இருந்தது இன்னொரு காரணம். சில லினக்ஸ்களில் அந்த 4 பைட், அந்நேரம் பாவனையில் இல்லாத இடத்திலேயே விழுந்தது.

இதற்கு நேர் எதிர், 2021 ஜனவரியில் இன்னொரு குறியாக்க லைப்ரரியான லிப்ஜிகிரிப்ட் 1.9.0இல், கூகுளின் பிழை தேடும் குழுவான புரொஜெக்ட் ஸீரோவின் டாவிஸ் ஒர்மண்டி கண்ட பிழை. அங்கே எந்தக் கையொப்பமும் சரிபார்க்கப்படுவதற்கு முன்பே, தரவை மறைநீக்கம் செய்யத் தொடங்கினாலே ஹீப் நிரம்பி வழிந்தது, அதுவும் தாக்குபவர் கொடுத்த தரவால். மறுநாளே 1.9.1 வெளியிட்டார்கள்.

ஆகவே உங்கள் பிழையின் எடையைத் தீர்மானிக்கும் கேள்விகள் இவைதாம்: அந்த வரி கையொப்பச் சரிபார்ப்புக்கு முன்னா பின்னா ஓடுகிறது? எழுதப்படும் 4 பைட்டின் மதிப்பு உள்ளீட்டிலிருந்து வருகிறதா, அல்லது எப்போதும் ஒரே எண்ணா? எவ்வளவு தூரம் தாண்டி எழுத முடியும்? உள்ளீட்டை நீட்டினால் 4 என்பது 8, 12 என்று வளர்கிறதா? நீங்கள் சொல்வது சான்றிதழைப் பிரித்து வாசிக்கும் கட்டம் என்பதால், சரிபார்ப்புக்கு முன்னால் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் இவ்வளவு கவனமாக எழுதுகிறேன்.

அறிக்கை எழுதும் முறை

சேர்வரைக் கைப்பற்றிக் காட்டும் புரோகிராம் எழுதத் தேவையில்லை. பராமரிப்பாளர்களுக்கு வேண்டியது ஐந்து நிமிடத்தில் தங்கள் கணினியில் அதே பிழையைப் பார்ப்பது. உள்ளீட்டை முதலில் சிறிதாக்குங்கள். ஏஎஃப்எல் பிளஸ்பிளஸ் என்ற ஃபஸ்ஸரைப் பாவித்திருந்தால் அதோடு வரும் டிமின் கருவி இதைச் செய்யும். பல கிலோபைட் கோப்பு சில நூறு பைட்டுக்கு இறங்கினால், எந்தப் புலம் பிழையைக் கிளப்புகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். பிறகு கடைசி வெளியீட்டிலும், மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தின் பிரதான கிளையிலும் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் எடுத்தது பழைய பதிப்பென்றால் ஏற்கெனவே திருத்தியிருக்கலாம். கிட் பைசெக்ட் ஓடவிட்டால் எந்த கொமிட்டில் (பதியப்பட்ட மாற்றத்தில்) பிழை நுழைந்தது என்று தெரியும், அதிலிருந்து பாதிக்கப்பட்ட பதிப்புகளின் பட்டியல் தானே வரும். மேலே சொன்ன ஓபன்எஸ்எஸ்எல் பிழை 3.0இல் புதிதாகச் சேர்த்த நிரலில் இருந்ததால், 1.1.1 வைத்திருந்தவர்கள் அந்தக் கிழமை நிம்மதியாக இருந்தார்கள்.

அறிக்கையில் இவை போதும்: பதிப்பும் கொமிட் எண்ணும், இயங்குதளம், கொம்பைலர், பில்ட் தெரிவுகள், சிறிதாக்கிய உள்ளீட்டுக் கோப்பு, சிறு புரோகிராம், சானிடைசர் வெளியீடு முழுவதும், வெட்டாமல், எந்தப் பொது ஃபங்ஷன் வழியாகப் போகிறது என்ற பாதை, உங்களுக்குப் புரிந்த காரணம், புரியாவிட்டால் புரியவில்லை என்றே எழுதலாம், நன்றியில் உங்கள் பெயர் எப்படி வர வேண்டும், எந்தத் திகதிக்குப் பின் வெளியிட நினைக்கிறீர்கள். புரொஜெக்ட் ஸீரோ பரவலாக்கிய 90 நாள் என்பது பலரும் ஏற்கும் கால எல்லை. ஆபத்தின் தர எண்ணை நீங்களே பத்துக்கு 9.8 என்று போட்டு அனுப்பாதீர்கள். மேற்சொன்ன ஓபன்எஸ்எஸ்எல் பிழையில் லைப்ரரியை உருவாக்கியவர்களே ஒரு கிழமைக்குள் தரத்தை மாற்ற வேண்டி வந்தது. உங்கள் ஆதாரத்தைச் சொல்லுங்கள், தரத்தை அவர்களோடு பேசுங்கள்.

இரண்டு கிழமை பதில் வராததற்கு, நீங்கள் தட்டியது தவறான கதவு என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பொது மின்னஞ்சலைப் பலநாள் யாரும் பார்ப்பதில்லை. களஞ்சியத்தில் செக்யூரிட்டி என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும், அதில் தனி முகவரியும் பல வேளை மின்னஞ்சலைப் பூட்டி அனுப்ப உதவும் பிஜிபி சாவியும் கொடுத்திருப்பார்கள். கிட்ஹப்பில் இருக்கும் லைப்ரரி என்றால், பாதுகாப்புப் பிரிவில் பிழையைத் தனிப்பட்ட முறையில் அறிவிக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் எழுதுவது பராமரிப்பாளர்களுக்கு மட்டுமே தெரியும். பக்கத்திலேயே இருக்கும் சாதாரண இஷ்ஷு பக்கம் உலகத்துக்கே தெரியும், மாறி அழுத்திவிடாதீர்கள். முறையான வழியில் அனுப்பியும் ஒரு கிழமை சத்தமில்லை என்றால் நினைவூட்டுங்கள். அதன் பிறகும் இல்லையென்றால் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திலுள்ள செர்ட் ஒருங்கிணைப்பு மையத்திடம் ஒப்படையுங்கள். அவர்கள் தாமே தொடர்பு கொள்வார்கள், வழமையாக 45 நாளில் பகிரங்கப்படுத்துவார்கள். நம் நாட்டில் 2006 முதல் இயங்கும், கணினிப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான ஸ்ரீலங்கா செர்ட்டிடமும் சொல்லலாம். வெளிநாட்டுத் தரப்போடு பேச ஒரு நிறுவனத்தின் பெயர் துணைக்கு நிற்பது மாணவி ஒருவருக்கு நல்லது. வாப்பாவுக்கும் அதில் மனம் ஆறும். அரச அமைப்பு ஒன்றிடம் தானாகப் போய்ச் சொன்ன பிள்ளை என்பது பதிவில் இருக்கும்.

இதற்கிடையில் அந்த உள்ளீட்டுக் கோப்பு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பாருங்கள். செயற்றிட்டக் களஞ்சியம் பகிரங்கமாக இருந்தால் கிராஷ் கோப்புறையும் அதிலேயே ஏறியிருக்கும், உடனே தனிப்பட்டதாக மாற்றுங்கள். வைரஸ் சோதிக்கும் இணையத்தளங்களில் ஏற்றாதீர்கள், அங்கே ஏற்றும் கோப்புகள் மற்ற ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும். வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்கு ஸ்கிரீன்ஷொட்டும் வேண்டாம். ஃபங்ஷனின் பெயர் தெரிந்தாலே அனுபவசாலி ஒருவர் ஒரு நாளில் பிழையைக் கண்டுபிடித்துவிடுவார்.

விற்பதும் பேஸ்புக்கில் போடுவதும்

தோழி சொன்னதுபோல வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பணம் கொடுப்பது சானிடைசர் வெளியீட்டுக்கு அன்று. நம்பகமாக வேலை செய்யும் தாக்குதல் புரோகிராமுக்குத்தான், அதையும் வாங்கியபின் நீங்கள் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. யார் கையில் போய்ச் சேருகிறது, யாருடைய ஃபோனைத் திறக்கப் பாவிக்கப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியவே வராது. கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, குற்றம் செய்யப் பாவிக்கும் நோக்கத்தோடு அப்படியான புரோகிராம்களை உருவாக்குவதையும் விற்பதையும் தனியாகக் குற்றமாக்குகிறது. நோக்கம் இல்லை என்று நிரூபிக்க நீதிமன்றத்தில் நிற்கும் நிலை ஒரு இறுதியாண்டு மாணவிக்கு வேண்டாம். இலங்கை 2015 முதல் புடாபெஸ்ட் சைபர் குற்ற உடன்படிக்கையிலும் இருக்கிறது, வெளிநாட்டு விசாரணைகளோடு தகவல் பரிமாற்றம் நடக்கும். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் கடை வைத்திருப்பவர்களின் வங்கிச் செயலிகளும் இப்படியான லைப்ரரிகளின் மேல்தான் ஓடுகின்றன. விற்றால் விலை போவது அவர்களின் பாதுகாப்பு.

நேர்மையான வழியில் பணம் கிடைக்குமா என்றால், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். திறந்த மூல லைப்ரரிகள் பலவற்றுக்கு வெகுமதித் திட்டம் கிடையாது. கிடைப்பது சிவிஇ எண்ணும், அறிவிப்பில் உங்கள் பெயரும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதன் பெறுமதி அதிகம்.

யாரும் முந்திவிடுவார்கள் என்ற பயத்தில் உண்மை இருக்கிறது. 2014 ஏப்ரலில் வெளிவந்த, ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் பிழையைக் கூகுளின் நீல் மேத்தாவும் பின்லாந்தின் கோடெனொமிகோன் பொறியியலாளர்களும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இருபக்கப் பெயரும் இன்று பதிவில் இருக்கிறது. உங்கள் முன்னுரிமையைக் காக்கப் பிழையைப் பகிரங்கப்படுத்த வேண்டியதில்லை. அறிக்கைக் கோப்பின் எஸ்எச்ஏ-256 ஹாஷை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, எடுத்து, அந்த எண்ணை மட்டும் மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். விரும்பினால் பேஸ்புக்கிலும் போடலாம். நாளைக்குக் கோப்பைக் காட்டும்போது திகதி நிரூபணமாகும், அதுவரை அந்த எண்ணிலிருந்து யாராலும் எதையும் எடுக்க முடியாது. அனுப்பிய பிறகு அந்தக் கோப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் பிரதி எடுத்து வையுங்கள், மாற்றினால் ஹாஷ் பொருந்தாது.

ஆய்வறிக்கை

தலைப்பை மாற்றத் தேவையில்லை. உங்கள் ஆய்வின் பொருள் பிழை கண்ட முறை. எந்த ஃபங்ஷன்களுக்கு ஹார்னஸ் எழுதினீர்கள், விதைக் கோப்புகளை (தொடக்க உள்ளீடுகளை) எங்கிருந்து எடுத்தீர்கள், எத்தனை மணி நேரத்தில் கவரேஜ் (ஓடிப் பார்த்த நிரலின் பங்கு) எவ்வளவு ஏறியது, எங்கே நின்றுவிட்டது, உள்ளீட்டு அளவுக்கு என்ன வரம்பு வைத்தீர்கள் என்று எழுதுங்கள். கடைசி விஷயத்துக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கலாம். மொஸில்லாவின் என்எஸ்எஸ் லைப்ரரி ஆண்டுக்கணக்காக ஃபஸ்ஸிங் செய்யப்பட்டுவந்தது. ஆனாலும் 16384 பிட்டைவிடப் பெரிய கையொப்பம் வந்தால் நினைவகம் நிரம்பி வழியும் சிவிஇ-2021-43527 தப்பியே இருந்தது. அங்கே ஓடிய சில ஃபஸ்ஸர்களுக்கு உள்ளீடு 10,000 பைட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருந்ததைப் பிறகு சுட்டிக்காட்டினார்கள். பெரிய இடங்களில் எல்லாம் பார்த்துவிட்டார்கள், எனக்கு என்ன கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில்.

பிழையின் விவரத்தைத் தனிப் பின்னிணைப்பாக வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் திருத்தம் வராவிட்டால், பரீட்சகர்கள் மட்டும் வாசிக்க மூடிய உறையில் கொடுத்து, நூலகப் பிரதியில் அதைச் சேர்ப்பதைத் தள்ளிவைக்கலாமா என்று மேற்பார்வையாளர் மூலம் இப்போதே துறைத்தலைவரிடம் எழுதிக் கேளுங்கள். கடைசிக் கிழமையில் கேட்டால் யாருக்கும் கையொப்பமிடத் துணிவு வராது.

சங்கத்தின் சேர்வருக்கு இன்றைக்கே செய்யக்கூடியது

பிழையின் விவரம் சொல்லாமலே சேரோடு இந்த வேலையைத் தொடங்கலாம், அவர் தேடிய "பாதுகாப்புப் பெக்கேஜ்" உண்மையில் இதுதான். எந்தெந்தப் புரோகிராம்கள் அந்த லைப்ரரியைப் பாவிக்கின்றன என்று பட்டியல் எடுங்கள். இயங்குதளத்தோடு வந்தது ஒன்று, கொன்டெய்னருக்குள் (மென்பொருளைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டிக்குள்) இருப்பது இன்னொன்று, உங்கள் மென்பொருளுக்குள்ளேயே சேர்த்துக் கொம்பைல் செய்தது மூன்றாவது. ஒரு புரோகிராம் இணைத்துக்கொள்ளும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளை முதல் வகையை மட்டும் காட்டும். மூன்றாவது வகைக்கு இயங்குதளத்தின் அப்டேட் உதவாது, நீங்கள் மறுபடி பில்ட் செய்து அனுப்ப வேண்டும். பலர் வழுக்கும் இடம் இது.

இன்னொன்று, பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உபுண்டு 22.04 ஓபன்எஸ்எஸ்எல்லை 3.0.2 என்றே வைத்துக்கொண்டு, 2022 நவம்பர் திருத்தத்தைப் பெக்கேஜின் வால் எண்ணில் 0உபுண்டு1.7 ஆகச் சேர்த்தது. முன் எண்ணைப் பார்த்தவர்கள் திருத்தியதைத் திருத்தவில்லை என்று நினைத்தார்கள். அப்டேட் போட்டபின் சேவைகளை மீண்டும் தொடங்கவும் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பழைய லைப்ரரியைத்தான் நினைவகத்தில் பிடித்திருக்கும். திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு லைப்ரரியின் பெயர் தெரிந்தால் அந்தச் சேவை இன்னும் பழையதில் ஓடுகிறது.

திருத்தம் வந்த நாளில் உங்கள் வேலை முடியாது. பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் வெளியிடுவதற்கு முன்பே பட்ச்சை உங்களிடம் காட்டுவார்கள். உங்கள் உள்ளீடு நின்றுவிட்டதா என்பதோடு விடாமல், அதே ஃபங்ஷனிலும் அக்கம்பக்கத்திலும் நீளம் கணக்கிடும் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள், ஃபஸ்ஸரைத் திருத்திய நிரலில் மறுபடி ஓடவிடுங்கள். 2022இல் சிவிஇ-2022-3602 ஓபன்எஸ்எஸ்எல் குழுவுக்குத் தனிப்பட்ட முறையில் அறிவிக்கப்பட்ட மறுநாள், அதை ஆராய்ந்துகொண்டிருந்த விக்டர் டுக்கோவ்னி அதே பியூனிகோட் நிரலில் சிவிஇ-2022-3786 என்ற இரண்டாவது பிழையைக் கண்டார். இரண்டும் ஒரே வெளியீட்டில் திருத்தப்பட்டன. அப்படி ஏதாவது அகப்பட்டால் அதையும் முதலாவதை அனுப்பிய அதே தனி வழியில், அதே இழையில் எழுதுங்கள்.